சட்ட உதவி வழக்குகளுக்கு வாட்ஸ்அப் குழு மட்டும் போதவில்லை, நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

கூடலூர்_பேனல்:

வணக்கம். கூடலூர், பந்தலூர் இரண்டு தாலுகாவிலும் சட்ட உதவிப் பேனலில் இருக்கும் வக்கீல்கள் சிலர், ஊர்ப்பக்கம் வேலை பார்க்கும் சட்டத் தன்னார்வலர்கள் சிலர், எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். தொடங்கியபோது நன்றாகத்தான் போனது. இப்போது அதில் எதையும் தேடி எடுக்க முடியவில்லை. வன உரிமைச் சட்டத்தில் தனிநபர் உரிமை கோரும் படிவத்தோடு என்னென்ன ஆதாரம் வைக்கலாம் என்று ஒரு தன்னார்வலர் கேட்பார், யாராவது பொறுமையாக உட்கார்ந்து பதில் தட்டுவார், அது காலை வணக்கம் ரோஜாப்பூவுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் அடியில் போய்விடும், அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். முதலில் பதில் எழுதியவருக்கு மறுபடி எழுதப் பொறுமை இருக்காது, 'மேலே பாருங்க' என்பார். மேலே எங்கே பார்ப்பது?

கோப்புகள் கதை இன்னும் மோசம். ஜாமீன் மனு மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 437, 439 பிரிவுகள்தான் இன்னும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது, 480, 483 என்று மாற்றிய பிரதியும் அதே பெயரில் சுற்றுகிறது. திறந்து பார்த்தால்தான் எது எது என்று தெரியும், அவசரத்தில் கோர்ட்டு வாசலில் நிற்கும் ஜூனியர் எங்கே திறந்து பார்க்கிறார்?

அப்புறம், எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது இதுதான். சமீபத்தில் ஒருவர் குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கின் எஃப்ஐஆரைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். அவசர உதவி கேட்டுத்தான் போட்டார், கெட்ட எண்ணம் இல்லை. உடனே அழிக்கச் சொன்னோம். அதற்குள் எத்தனை போன்களில் அது தானாக இறங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு வழி வேண்டும். மாதக் கட்டணம் கட்டுகிற நிலையில் நாங்கள் இல்லை, பேனல் ஃபீஸ் எவ்வளவு, எப்போது வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, தேவாலா, சேரம்பாடி பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும், அதனால் நெட் இருந்தால்தான் திறக்கும் என்கிற எதுவும் எங்களுக்கு ஆகாது.

கோத்தகிரி_அட்வகேட்:

தம்பி, ஆப் பெயரெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் உங்கள் குழுவில் போகும் காகிதங்களை இரண்டாகப் பிரியுங்கள். கட்சிக்காரர் பெயர் இருக்கும் எதுவும் ஒரு பக்கம். பெயரே இல்லாத மாதிரி மனு, தீர்ப்பு, படிவம், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்கிற விவரம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் கிடக்கிற வரைக்கும் எந்த ஆப் போட்டாலும் இதே கதைதான்.

பெயர் உள்ள காகிதம் ஏன் குழுவுக்கே வரக்கூடாது என்றால், கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் படித்தோமே, அது இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132. வக்கீலின் குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்த்துச் சொல்பவர் வரைக்கும் அந்தப் பிரிவு எட்டுகிறது. நம் பக்கம் இது பெரிய விஷயம். பணியர் பழங்குடிப் பாட்டி தன் மொழியில் சொல்வதை ஊர்ப் பெண் ஒருத்தி தமிழில் எடுத்துச் சொன்னால்தான் நமக்கு வழக்கே புரியும், அந்தப் பெண்ணையும் சட்டம் இதற்குள் கொண்டுவருகிறது. ஆனால் சட்டத் தன்னார்வலர் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அவரும் இதில் வருவார் என்று வாதாடிப் பார்க்கலாம்தான், கட்சிக்காரர் தலையைப் பணயம் வைத்து வாதாட எனக்கு மனசில்லை. குழுவில் இருக்கிற எல்லா வக்கீலும் அந்த வழக்கில் வக்காலத்து போட்டவர்களா என்பதும் இருக்கிறது.

குழந்தை வழக்கு என்றால் இன்னும் கடுமை. இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், பெயர், முகவரி, படிக்கும் பள்ளி எதுவும் பத்திரிகையிலோ வேறு எந்தத் தகவல் தொடர்பு வடிவத்திலோ வெளியாகக்கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா 72. வாட்ஸ்அப் குழுவில் போடுவது வெளியீடு ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். அதைத் தீர்மானிக்கிற வழக்கு உங்கள் பெயரில் வர வேண்டாம், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது: பொதுவான காகிதங்களுக்கு ஒரு கூகுள் டிரைவ் கோப்புறை. அதில் கைவைக்கும் உரிமை ஒரே ஒரு ஜூனியருக்கு, மற்றவர்களுக்குப் பார்க்கவும் கருத்து எழுதவும் மட்டும். இதில் முதலில் சண்டை வந்தது, 'என் மனுவை நான் திருத்த அவரிடம் கேட்கணுமா' என்றார்கள். கேட்கத்தான் வேண்டும். எல்லோரும் திருத்தினால் பழைய 437 மறுபடி உள்ளே வந்துவிடும். கோப்புப் பெயரிலேயே சட்டம், பிரிவு, திருத்திய மாதம் இருக்கும், பழசானவை தனிக் கோப்புறைக்குப் போய்விடும். வாட்ஸ்அப் குழுவை மூடவில்லை, அது கோயில் மணி மாதிரி, கூப்பிட மட்டும். அதில் இணைப்பு வரும், கோப்பு வராது.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு அதே கோப்புறையில் ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். உதாரணத்துக்கு நீங்கள் சொன்ன வன உரிமைக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் சொல்வது ஆதாரமாகுமா? ஆகும், விதி 13-இல் இருக்கிறது, ஆனால் உரிமை கோருபவரே இல்லாமல் வேறொரு மூத்தவர் சொல்லி அதை எழுத்தில் எடுத்திருக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தில் குறை இருந்தால் உட்கோட்டக் குழுவுக்கு 60 நாளுக்குள், அந்த முடிவிலும் குறை என்றால் மாவட்டக் குழுவுக்கு மறுபடி 60 நாளுக்குள். மனு நிலுவையில் இருக்கும்போதே வெளியேறச் சொன்னால் வன உரிமைச் சட்டத்தின் 4(5) பிரிவைக் காட்டலாம், உரிமையைச் சரிபார்க்கும் வேலை முடியும்வரை வெளியேற்றக்கூடாது. இதை ஒருவர் ஒருமுறை ஒழுங்காக எழுதி, சீனியர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், அப்புறம் இணைப்பைத் தட்டிவிட்டால் போதும்.

பழைய_குமாஸ்தா:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்தா தேதிக்காக ஒருவருக்கொருவர் போன் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் எண் 16 எழுத்தில் இருக்கிறது, ஈகோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டுச் சேமித்துவிட்டால் அடுத்த தேதி, எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் வந்துவிடும். வழக்கு கொடுத்த அன்றைக்கே சிஎன்ஆரை ஒரு ஷீட்டில் ஏற்றுகிற பழக்கம் வேண்டும். கேஸ் கட்டின் அட்டையிலும் எழுதுங்கள், பென்சிலில் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு அழிந்துவிடும்.

ஆனால் ஆப்பை மட்டும் நம்பி டைரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில நாள் தேதி ஏறத் தாமதமாகும், பென்ச் கிளார்க் சொன்னதுதான் அன்றைக்குத் தேதி.

குன்னூர்_டெவலப்பர்:

நான் வக்கீல் இல்லை, வீட்டிலிருந்து மென்பொருள் வேலை. தங்கை சட்ட உதவியில் இருப்பதால் இந்தத் தலைவலி தெரியும். கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பொதுவான பக்கத்துக்கு கூகுள் டிரைவ் போதும், காசில்லாமல் 15 ஜிபி வரும். அந்த டிரைவுக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள், யாருடைய சொந்த ஜிமெயிலிலும் வைக்காதீர்கள். அந்த ஆள் பேனலை விட்டுப் போனால் கோப்புறையும் அவரோடு போகும். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து அலுவலகப் பீரோவில் வையுங்கள். நெட் இல்லாத இடத்துக்கு, போனில் அந்த டிரைவ் ஆப்பில் முக்கியமான கோப்புகளை 'ஆஃப்லைன்' என்று குறித்தால் இறங்கிக்கொள்ளும், டவர் வந்ததும் புதுப் பிரதி தானாக வரும்.

தீர்ப்புகளை மட்டும் டிரைவில் கொட்டாதீர்கள். அதற்கு ஜோட்டேரோ என்று ஒன்று இருக்கிறது, ஆராய்ச்சி மாணவர்கள் பயன்படுத்துவது, இலவசம். குழு நூலகம் ஒன்று போட்டு, ஒவ்வொரு தீர்ப்புக்கும் 'ஜாமீன்', 'ஜீவனாம்சம்', 'பிரிவு 17 நிலம்' (ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலம்) என்று அடையாளச் சொல் கொடுத்து, கீழே எந்தப் பத்தி முக்கியம் என்று இரண்டு வரி குறிப்பு எழுதலாம். கோப்புச் சேமிப்பு 300 எம்பி வரைதான் இலவசம், பிடிஎஃப்களைச் சின்னதாக்கினால் ரொம்ப நாளைக்குத் தாங்கும். கூடலூர்க்காரர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தனியாக ஒரு ஆசை. வன வழக்குகளில் நாடே மேற்கோள் காட்டும் கோதவர்மன் வழக்கு கூடலூர்க் காட்டில் மரம் வெட்டியதில் தொடங்கியது, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை பற்றி ஒன்பது நீதிபதிகள் 2007-இல் சொன்ன கோயல்ஹோ தீர்ப்புக்கு மூலமும் 1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் (பரம்பரை நில உடைமை) ஒழிப்புச் சட்டம்தான். அந்த ஊர் வக்கீல்களே ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ளாமல் வாட்ஸ்அப்பில் தேடுகிறார்கள் என்றால் என்ன சொல்வது!

கட்சிக்காரர் பெயர் உள்ள பக்கத்துக்கு கிரிப்ட்பேட் என்ற ஆன்லைன் ஆவணத் தளத்தைப் பாருங்கள். பூட்டுவதும் திறப்பதும் உங்கள் பிரவுசரிலேயே நடக்கும், சர்வர் நடத்துபவருக்கே உள்ளே என்ன என்று தெரியாது. இலவசக் கணக்கில் 1 ஜிபி. அதற்கு விலை என்னவென்றால் கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தர யாராலும் முடியாது. ஒரே அலுவலகத்தில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் என்றால் சிங்க்திங் போதும், நடுவில் சர்வரில் எதுவும் தங்காது, இரண்டு இயந்திரமும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளி நெட் இல்லாமலே கோப்புகள் ஒத்துப்போய்விடும்.

ஸ்லாக், டீம்ஸ் மாதிரி அலுவலக அரட்டை ஆப்கள் பக்கம் போகாதீர்கள், நாலு நாள் ஆசையாகத் திறப்பார்கள்.

கொஞ்சம் தூரத்து ஆசை ஒன்று. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் சட்ட உதவி அமைப்பு ஒன்றில் வேலை பார்த்த வக்கீல் ஒருவரே எழுதிய டாக்அசெம்பிள் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது, கேள்வி கேட்டுக் கேட்டு பதிலை வாங்கி மனுவையே நிரப்பித் தரும். கொரோனா காலத்தில் நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தபோது பாஸ்டனில் சஃபோக் சட்டப் பள்ளிக்காரர்கள் அதை வைத்துப் பல நீதிமன்றப் படிவங்களை ஜனங்கள் போனிலேயே நிரப்பும்படி செய்தார்கள். தமிழில் கேள்வி கேட்க வைக்கலாம். யாராவது ஜீவனாம்ச மனுவுக்கு முயற்சி செய்தால் நான் உதவுகிறேன், காசு வேண்டாம்.

பந்தலூர்_தன்னார்வலர்:

வக்கீல்கள் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் போனில் இடமே இல்லை, வாட்ஸ்அப்பும் பேங்க் ஆப்பும் போக மிச்சம் என் பையன் விளையாட்டு. இதில் இன்னும் மூன்று ஆப் போடச் சொன்னால் நான் போடுவேன், மறுநாள் அழித்துவிடுவேன். எழுதுவதும் எங்களில் பாதிப் பேருக்குச் சிரமம், வாய்ஸ் அனுப்பித்தான் பழக்கம். போன வாரம் காட்டுநாயக்கர் குடியிருப்பில் ஒரு அம்மா ரேஷன் கார்டு, சாதிச் சான்று, வன அலுவலகம் கொடுத்த நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் சுற்றி அடுப்புக்கு மேலே செருகி வைத்திருந்தார், எடுத்துப் பிரித்தால் புகையில் மஞ்சளாகி ஓரமெல்லாம் பொடிகிறது. அதை அங்கேயே படமெடுத்து அனுப்பாமல் அடுத்த வாரம் கூடலூருக்கு எடுத்து வாருங்கள் என்று சொன்னால் அந்தக் காகிதம் இருக்காது. அதனால்தான் குழுவில் போடுகிறோம், சட்டம் தெரியாமல் போடவில்லை. தனியாக அனுப்பினால் எந்த வக்கீலுக்கு அனுப்புவது, அவர் எப்போது பார்ப்பார்?

பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு என்று சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது, 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடலாம் என்றும் நாங்கள்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆள் போன் போட்ட பிறகு யார் எடுத்து நடத்துகிறார்கள் என்று எங்களுக்கே தெரியாது. அந்தத் தகவலைப் பகிர ஏதாவது வழி இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

குன்னூர்_டெவலப்பர்:

நியாயம். ஆப் எண்ணிக்கை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். உங்களுக்கு ஒன்றே ஒன்று போதும், கோபோ என்ற படிவம் நிரப்பும் ஆப். முதல் தடவை மட்டும் நெட் இருக்கும் இடத்தில் படிவத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் படத்தை அதற்குள்ளேயே எடுக்கலாம், நெட் இல்லாமலே நிரப்பலாம், டவர் வரும் இடத்துக்கு வந்ததும் அனுப்பினால் போதும். கேள்விகள் தமிழில் வரும், எழுதுவதற்குப் பதில் குரலைப் பதிவு செய்து இணைக்கலாம். அது குழுவுக்கு வராது, யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறதோ அந்த ஒன்றிரண்டு வக்கீலுக்கு மட்டும் தெரியும்.

கோத்தகிரி_அட்வகேட்:

தன்னார்வலர் தங்கை சொன்னதில் ஒரு குத்தல் இருக்கிறது, அது சரியான இடத்தில்தான் குத்துகிறது. வாரத்துக்கு ஒரு வக்கீல் என்று முறை வைத்து, அந்த வாரம் வரும் எல்லாவற்றையும் அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று செய்யாவிட்டால் இந்தக் கோபோவும் ஒரு மாதத்தில் செத்துவிடும். முறைக்காரர் பெயர் திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் வரட்டும். வழக்கு யாரிடம் போயிற்று, என்ன ஆயிற்று என்று அதே ஆள் தன்னார்வலருக்கு ஒரு வாய்ஸ் அனுப்ப வேண்டும், மனு எண்ணைச் சொல்லி, பெயர் சொல்லாமல்.

வாட்ஸ்அப்பிலும் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். மீடியா தானாக இறங்குவதை எல்லோரும் அணைக்கட்டும். பேக்கப்பில் எண்ட் டு எண்ட் பூட்டு தனியாகப் போட்டால்தான் உண்டு, போடாவிட்டால் அரட்டை முழுக்க அந்தப் பூட்டு இல்லாமல்தான் டிரைவில் உட்கார்ந்திருக்கும்.

கொடைக்கானல்_ஜூனியர்:

பழனி மலைப் பக்கமும் இதே நிலைதான், அதனால் ஒரு எச்சரிக்கை. பொதுக் கோப்புறை போட்டோம், பளியர் குடும்பங்களின் பட்டா விவகாரத்தில் ஒரு நல்ல மனு அதில் இருக்கிறது என்று தெரியும், 'பட்டா' என்று தேடினால் வரவே மாட்டேன் என்கிறது. பார்த்தால் அது வானவில் எழுத்துருவில் டைப் அடித்தது. நம் கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. டைப்பிஸ்ட் கடைகளில் இன்னும் பாமினி, வானவில்தான். உள்ளே ஏற்றும் முன் என்ஹெச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள், காசில்லை. அச்சுப் பிரதி மட்டும் இருந்தால் ஸ்கேன் செய்து டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே படித்துத் தருகிறது. எண்களை மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும், சர்வே எண்ணில் 3-ஐ 8 ஆக்கிவிட்டால் வேறு ஆள் நிலத்துக்கு மனு போட்டதாகிவிடும்.

கூடலூர்_பேனல்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கிரிப்ட்பேட் இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது, எங்கள் சீனியர் ஒருவர் ஜிமெயில் கடவுச்சொல்லையே மாதம் ஒருமுறை மறக்கிறவர். பொதுக் கோப்புறையும் கோபோவும் முதலில், பெயர் உள்ள கேஸ் கட்டு இப்போது போலவே அந்தந்த வக்கீல் ஆபீசில். வாரமுறை பற்றி வரும் சனிக்கிழமை பேசுகிறோம், பந்தலூர் அக்காவும் வர வேண்டும், கோபோவில் என்னென்ன கேள்வி வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். டெவலப்பர் சார், ஜீவனாம்ச மனுவுக்கு உங்களைப் பிடிக்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

குமாஸ்தா அண்ணா, உங்கள் ஷீட்டில் என்னென்ன தலைப்பு வைத்திருக்கிறீர்கள்?

பழைய_குமாஸ்தா:

சிஎன்ஆர், சட்ட உதவி மனு எண், கோர்ட்டு, பிரிவு, அடுத்த வாய்தா, எதற்காக, வக்காலத்து யார், நகல் மனு போட்டாயிற்றா. பெயருக்கு இடமே வைக்கவில்லை. 'எதற்காக' என்ற கட்டத்தை யாரும் நிரப்ப மாட்டார்கள், விடாமல் கேளுங்கள், அது இல்லாமல் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு கூடலூரிலிருந்து ஊட்டிக்கு பஸ் ஏறிப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.